சொன்னதை ஏற்றுக்கொண்ட விண்ணப்பம்: பெருந்தொற்றுக் கால மெடிக்கெய்ட் சேவை குறித்து ஒரு மதிப்புரை

கடலூர் மாவட்ட வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று கேட்டு வரும் மனுக்களை விசாரித்துப் பரிந்துரைப்பதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி சென்றது. அதனால், ஓர் அரசு தன் மக்களுக்கு மருத்துவ உதவி வழங்குவதற்கு முன்பு அவர்களிடம் என்னென்ன தாள்களைக் கேட்கிறது, நெருக்கடி வந்தால் அவற்றுள் எதை விட்டுக்கொடுக்கிறது என்பதைக் கூர்ந்து பார்ப்பது எனக்கு இயல்பாகிவிட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரை மாநிலம் ஒன்றில் வாழும் என் மகளின் குடும்பம், 2020 ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது மெடிக்கெய்ட் என்னும் அந்நாட்டு மருத்துவ உதவித் திட்டத்தில் விண்ணப்பித்துச் சேர்ந்தது. 2023 இல் சலுகைகள் திரும்பப் பெறப்பட்டபோது சிரமமும் பட்டது. இவை அனைத்தையும் மஞ்சக்குப்பத்தில் இருந்தபடியே தொலைபேசி வழியாக அவர்களோடு சேர்ந்து கவனித்துவந்தேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் பிள்ளைகளை அந்நாட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்களுடைய நலத்தை நினைத்தே இருக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெருக்கடியின்போது விண்ணப்பங்களைப் பெற்று முடிவெடுத்த முறையில் இந்தச் சேவை போற்றத்தக்கது. நெருக்கடி நீங்கிய பின் பழைய விதிகளுக்குத் திரும்பிய முறையில் அது தகுதியுள்ள பலரைக் கைவிட்டது.

மெடிக்கெய்ட் 1965 இல், லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்தபோது சட்டமானது. முதியோருக்கான மெடிக்கேர் திட்டமும் அதே சட்டத்தில் பிறந்ததுதான். ஆனால் மெடிக்கெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு உரியது. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன, நடத்துவது மாநிலங்கள். ஆகையால் மாநிலத்துக்கு மாநிலம் பெயரும் வருமான வரம்பும் மாறும். 2014 முதல் திட்டத்தை விரிவுபடுத்திய மாநிலங்களில், வறுமைக் கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள வயதுவந்தோர் சேரலாம். 2020 இல் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு வறுமைக் கோடு ஆண்டுக்கு 26,200 டாலர். குழந்தைகளுக்கான வரம்பு பெரியவர்களுக்கான வரம்பைவிட உயர்ந்தது. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பின்னால் இதுவே பெரிய பிரச்சினைக்குக் காரணமாகப் போகிறது.

சாதாரணக் காலத்தில் விண்ணப்பித்தால், இயலாமை காரணமாகக் கேட்பவருக்கு 90 நாட்களுக்குள்ளும் மற்றவர்களுக்கு 45 நாட்களுக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. வருமானத்தை முதலில் அரசிடம் உள்ள கணினிப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், வேலை போயிருந்தால் முதலாளியின் கடிதம் கேட்பார்கள். முதியோர், மாற்றுத்திறனாளிகள் பிரிவில் விண்ணப்பிப்பவர்களிடம் வங்கிக் கணக்கு, சொத்து விவரங்களும் கேட்கப்படும். நம் ஊரில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனவர்களுக்கு இந்த நடைமுறையின் சாரம் நன்றாகவே விளங்கும்.

2020 ஜனவரி 31 அன்று அமெரிக்கச் சுகாதாரத் துறை அமைச்சர் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தார். மார்ச் மாதத்தில் அதிபரும் தேசிய அவசரநிலையை அறிவித்தபின், மாநிலங்கள் மத்திய அரசிடம் தெரிவித்தும் அனுமதி பெற்றும் தங்கள் விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தத் தொடங்கின. எத்தனையோ தளர்வுகள் இருந்தாலும், என் பார்வையில் தலையாயது ஒன்றுதான். வருமானம், வசிப்பிடம், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை, சொத்து ஆகியவற்றுக்கு விண்ணப்பதாரர் சொல்லும் சொல்லையே சான்றாக ஏற்றுக்கொள்ளலாம், சரிபார்ப்பதைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம் என்று மாநிலங்கள் முடிவு செய்ய இடம் இருந்தது. குடியுரிமைக்கும் குடியேற்ற நிலைக்கும் மட்டும் இந்த வழி பொருந்தாது. தாளை முன்னே வைத்து மனிதனைப் பின்னே நிறுத்தும் வழக்கத்தை ஓர் அரசே வரிசை மாற்றியது என்பதுதான் இதன் பெருமை. மருத்துவமனைகளே ஒருவரைத் தகுதியுடையவராகத் தற்காலிகமாகக் கருதி உடனே சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு முன்பே இருந்தது. பல மாநிலங்கள் அதை விரிவாக்கின. மாதச் சந்தா வாங்கிக்கொண்டிருந்த பிரிவுகளில் பல மாநிலங்கள் சந்தாவை நிறுத்திவைத்தன. அலுவலகத்துக்கு வராமல், தொலைபேசியில் பதிவு செய்யப்படும் குரலையே கையொப்பமாக ஏற்கும் வசதியும் பரவலாகப் பயன்பட்டது.

என் மருமகன் உணவகம் ஒன்றிலும் மகள் குழந்தைகள் காப்பகம் ஒன்றிலும் வேலை செய்தார்கள். ஊரடங்கில் இரண்டும் மூடப்பட்டன. மருமகனின் வேலையோடு சேர்ந்து குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் போயிற்று. சாதாரண நாளாக இருந்தால் வேலை போனதற்கு முதலாளியிடம் கடிதம் வாங்கியிருக்க வேண்டும். “அப்பா, கடையே பூட்டிக் கிடக்கு, முதலாளி எந்த ஊர்ல இருக்காருன்னே தெரியல. யார்கிட்டப் போய் லெட்டர் கேக்கறது?” என்று மகள் கலங்கினாள். “உள்ளதை உள்ளபடி சொல்லும்மா, என்ன கேக்கறாங்கன்னு பாப்போம்” என்றேன். தொலைபேசியில் விண்ணப்பம் எடுத்த அலுவலர் கடிதம் எதையும் கேட்கவில்லை. இந்த மாதம் வீட்டுக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டார். சொன்ன தொகையைக் குறித்துக்கொண்டார். பொய் சொன்னால் சட்டப்படி என்ன ஆகும் என்பதைப் பொறுமையாகப் படித்துக் காட்டி, ஒப்புதலைக் குரலிலேயே பெற்றுக்கொண்டார். சென்ற ஆண்டு வருமானத்தைக் கொண்டு இந்த ஆண்டின் பசியை அளக்காமல், விண்ணப்பிக்கும் மாதத்தின் வருமானத்தையே கணக்கில் கொள்வது மெடிக்கெய்டின் நிலையான விதி. வேலை போனவருக்கு இதைவிட நியாயமான கணக்கு இருக்க முடியாது.

வேலையில்லாதோர் உதவித்தொகை குறித்த விதியும் பாராட்டத்தக்கது. மாநிலம் வழக்கமாகத் தரும் உதவித்தொகை வருமானமாகக் கருதப்பட்டது. ஆனால் 2020 மார்ச் இறுதியில் கொரோனா நிவாரணத்துக்காக இயற்றப்பட்ட கேர்ஸ் சட்டத்தின்படி வாரந்தோறும் கூடுதலாக வந்த 600 டாலரை மெடிக்கெய்டுக்குத் தகுதி பார்க்கும்போது சேர்க்கக் கூடாது என்று சட்டமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு கையால் கொடுத்த நிவாரணத்தைக் காட்டி மறு கையால் இன்னொரு உதவியைப் பறிக்கும் அவலம் இதனால் தவிர்க்கப்பட்டது. நிவாரணத் தொகை பெற்றதால் வேறொரு திட்டத்தில் தகுதி இழந்து நின்றவர்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். எனவே இந்த ஒரு வரியின் அருமை எனக்குத் தெரியும்.

குடியேற்ற நிலையில் மட்டும் தளர்வு இல்லை என்றேன் அல்லவா? மகளும் மருமகனும் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரீன் கார்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். மகளின் பதிவு உடனே ஒத்துப்போயிற்று, மருமகனின் பதிவு ஒத்துப்போகவில்லை. ஓர் ஆவணத்தில் தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகவும் மற்றோர் ஆவணத்தில் அதுவே முதற்பெயராகவும் இருந்ததுதான் காரணம். முன்னெழுத்தோடு பெயர் எழுதும் நம்மவர்கள் வெளிநாட்டில் ஓயாமல் சந்திக்கும் தொல்லை இது. இத்தகைய நேரத்தில் ஆவணத்தைச் சரிசெய்ய 90 நாள் அவகாசம் உண்டு; மற்ற தகுதிகள் இருந்தால் அந்த அவகாசத்திலும் சிகிச்சைக்கான உரிமை தொடரும். அவசரநிலையின்போது, உண்மையாக முயன்றுகொண்டிருக்கும் வெளிநாட்டவருக்கு இந்த அவகாசத்தை நீட்டிக்கவும் மாநிலங்களுக்கு வழி இருந்தது. மருமகனுக்கு நீட்டிப்பு தேவைப்படவில்லை. என்றாலும் அலுவலகங்கள் மூடியிருந்த அந்நாளில் அப்படி ஒரு வாசல் திறந்திருந்ததே பெரிய ஆறுதல். பிள்ளைகளை அனுப்பப்போகும் பெற்றோர், கடவுச்சீட்டு எடுக்கும்போதே பெயரை எப்படிப் பிரிப்பது என்று ஒருமுறை தீர்மானித்து, எல்லா ஆவணங்களிலும் அதையே எழுதச் செய்ய வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் எங்களை உலுக்கியது அச்சம். அரசுச் சலுகையைப் பெற்றால் நாட்டுக்குச் சுமையாகக் கருதி, நிரந்தரமாக வசிக்கும் உரிமையான கிரீன் கார்டு மறுக்கப்படும் என்ற விதி, பெருந்தொற்றுக்குச் சற்று முன்பு, 2020 பிப்ரவரி 24 அன்றுதான் கடுமையாக்கப்பட்டு நடைமுறைக்கு வந்திருந்தது. பெரியவர்கள் பெறும் மெடிக்கெய்டும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. கிரீன் கார்டை ஏற்கெனவே பெற்றுவிட்டவர்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது, 21 வயதுக்குட்பட்டவர்கள் பெறும் மெடிக்கெய்ட் கணக்கில் வராது, கொரோனா பரிசோதனையும் சிகிச்சையும் பாதகமாகக் கருதப்படமாட்டா என்றெல்லாம் அதிகாரபூர்வமாக விளக்கம் இருந்தும், தமிழ்க் குடும்பங்களில் காதோடு காதாகப் பரவிய பயமே வென்றது. மகளின் தோழி ஒருத்தி, தகுதி இருந்தும் தன் கைக்குழந்தைக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. அந்தக் கடுமையான விதி 2021 மார்ச்சில் விலக்கப்பட்டது. ஒரு துறை தாளை விட்டுக்கொடுத்துக் கதவைத் திறக்கும்போது மற்றொரு துறை வாசலில் நின்று மிரட்டினால், திறந்த கதவால் என்ன பயன்? இந்தச் சேவையின் தொடக்கக் காலக் குறையாக நான் இதைப் பதிவு செய்கிறேன்.

இப்படிச் சொல்லை நம்புவது புதுமையான சோதனையும் அல்ல. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நியூயார்க் நகரில் மெடிக்கெய்ட் கணினி இணைப்பு முடங்கியபோது, ஒரே பக்க விண்ணப்பத்தில் சொந்த உறுதிமொழியை ஏற்று, நான்கு மாத உதவி வழங்கினார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள். கடலூர்க்காரர்களுக்கும் இதன் நியாயம் எளிதில் புரியும். 2004 இல் ஆழிப்பேரலை வந்தபோதும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோதும், குடும்ப அட்டை எங்கே என்று கேட்டால் வீடே இல்லை என்று காட்டும் நிலையில் மக்கள் நின்றார்கள். அக்கம்பக்கத்தார் சொல்லும் சொல்லே அன்று சான்று. பேரிடரில் முதலில் காணாமற்போவது தாள்தான் என்பதை அலை அடித்த எந்தக் குப்பத்துக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. கொரோனா தாளை நனைக்கவில்லை. தாளில் கையெழுத்திட வேண்டியவரையும் முத்திரை வைக்கும் அலுவலகத்தையும் மக்களுக்கு எட்டாமல் செய்தது.

தமிழ்நாட்டிலும் 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்று முதலில் கையொப்பமிட்ட கோப்புகளுள் ஒன்று, தனியார் மருத்துவமனைகளில் கொரோனா சிகிச்சைக்கு ஆகும் செலவை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசே ஏற்கும் என்பதாகும். செலவை ஏற்பதில் நம் அரசு காட்டிய துணிவைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆயினும், இத்தகைய திட்டங்களில் முன்பே பெயர் இல்லாதவர் நோய் வந்தபின் சேர வேண்டுமானால், வருமானத்தை அவரே சொல்ல, அதை அன்றே ஏற்று, சரிபார்ப்பதைப் பின்னர் செய்யும் விதி எழுத்து வடிவில் நிலையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

இனி, சேர்ந்தபின் நடந்தது. 2020 மார்ச் 18 அன்று கையொப்பமான சட்டத்தின்படி, மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 6.2 விழுக்காட்டுப் புள்ளிகள் கூட்டித் தரப்பட்டது. அதற்கு ஈடாக, திட்டத்தில் உள்ள எவரையும் அவசரநிலை முடியும்வரை நீக்கக் கூடாது. தாமே விலகினாலோ, மாநிலத்தை விட்டுக் குடிபெயர்ந்தாலோ, இறந்தாலோ மட்டுமே பெயர் எடுக்கப்படும். நம் மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் நேர்காணலுக்குப் பெருந்தொற்றுக் காலத்தில் விலக்கு அளித்து, ஓய்வூதியம் தடையின்றி வந்ததை நானே அனுபவித்தவன் ஆகையால், இந்த ஏற்பாடு தரும் நிம்மதி எத்தகையது என்று அறிவேன். குழந்தைகளுக்கென உள்ள தனி மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் சேர்த்து 2020 தொடக்கத்தில் ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சமாக இருந்த பயனாளிகள், 2023 வசந்த காலத்தில் ஏறத்தாழ 9 கோடியே 40 லட்சம் ஆனார்கள்.

பின்னர் 2022 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், இந்தப் பாதுகாப்பு 2023 மார்ச் 31 உடன் முடியும் என்று நாள் குறித்தது. அவசரநிலை மே 11 வரை நீடித்தாலும், ஏப்ரல் முதலே பெயர் நீக்கத்துக்கு வழி பிறந்துவிட்டது. எல்லாருடைய தகுதியையும் மறுபடி பார்க்கும் பணியை மாநிலங்கள் ஓராண்டுக்குள் தொடங்கியாக வேண்டும். இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பேர், தகுதி இல்லை என்று கண்டறியப்பட்டதால் நீக்கப்படவில்லை. படிவம் திரும்ப வரவில்லை, முகவரி மாறிவிட்டது, கேட்ட தாள் குறித்த நாளில் சேரவில்லை என்பன போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டவர்கள். வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் இடம் மாறிய குடும்பத்துக்குப் பழைய முகவரியில் கடிதம் அனுப்பிவிட்டு, பதில் இல்லை என்று கோப்பை முடிப்பதை நான் விசாரணை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். மனுதாரர் வீட்டில் இல்லை என்று குறிப்பெழுதும் முன் பக்கத்து வீட்டிலாவது கேட்க வேண்டும் என்றுதான் என் மேலதிகாரிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

என் பேரப்பிள்ளைகளுக்கு நேர்ந்தது இன்னும் வருத்தமானது. 2023 இல் மருமகனுக்கு நிலையான வேலை கிடைத்திருந்ததால் பெரியவர்களுக்கான வரம்பைக் குடும்ப வருமானம் தாண்டியிருந்தது. குழந்தைகளுக்கான வரம்பைத் தாண்டவில்லை. அரசிடம் ஏற்கெனவே உள்ள பதிவுகளைக் கொண்டு, படிவம் கேட்காமலே தானாகப் புதுப்பிக்கும் முறை சட்டத்தில் உண்டு. அதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பல மாநிலங்களின் கணினிகளோ குடும்பத்தை ஒரே மூட்டையாகப் பார்த்து, பெற்றோருக்குத் தகுதி இல்லையெனில் பிள்ளைகளையும் சேர்த்தே நிறுத்திவைத்தன. ஆஸ்துமாவுக்கு இழுப்பு மருந்து பயன்படுத்தும் பேரன், மருந்துக் கடையில் அட்டை செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டான். உதவித் தொலைபேசியில் காத்திருந்து காத்திருந்து மகள் நொந்துபோனாள். 2023 ஆகஸ்ட் இறுதியில் மத்திய அரசு இந்தத் தவற்றைச் சுட்டிக்காட்டி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. 30 மாநிலங்களில் இது நடந்திருப்பதும், ஏறத்தாழ 5 லட்சம் பேருக்கு உதவியைத் திரும்ப வழங்க வேண்டியிருப்பதும் செப்டம்பரில் வெளியாயின. பேரப்பிள்ளைகள் இருவரும் அவ்வாறே மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். தவறு திருத்தப்பட்டதற்கு நன்றி உண்டு. ஆனால் சேர்க்கும்போது வாய்ச்சொல்லை நம்பிய அரசு, நீக்கும்போது தன் கையில் இருந்த பதிவையே பார்க்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜனவரி முதல் குழந்தைகளை ஒருமுறை சேர்த்தால் 12 மாதம் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்பது எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாகியிருப்பது நல்ல மாற்றம்.

மதிப்பெண் தர வேண்டுமென்றால், அவசரக் கால விண்ணப்ப முறைக்கு ஐந்துக்கு ஐந்தும், 2023 புதுப்பித்தலுக்கு ஐந்துக்கு இரண்டும் தருவேன். அந்த இரண்டும் தொலைபேசியில் பேசிய அலுவலர்களின் பொறுமைக்காக.

இன்று விண்ணப்பிப்பவர்கள் அந்தத் தளர்வுகளை எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலானவை அவசரநிலையோடு முடிந்துவிட்டன. 2025 ஜூலை 4 அன்று கையொப்பமான சட்டத்தால், திட்டத்தின் விரிவாக்கத்தால் தகுதி பெறும் வயதுவந்தோருக்கு, ஆண்டுக்கு ஒருமுறை இருந்த தகுதி மறுபரிசீலனை 2027 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. விலக்குப் பெறாதவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்வதாகக் காட்டவும் வேண்டும். தாள் மீண்டும் முன்னே வந்து நிற்கும் காலம் இது. எனவே வீடு மாறினால் அஞ்சலகத்துக்குச் சொல்வதற்கு முன்பே மெடிக்கெய்ட் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்துவைக்க வேண்டும். நடைமுறைக் காரணத்தால் நீக்கப்பட்டால் பெரும்பாலானோர் 90 நாட்களுக்குள் கேட்ட தாளைக் கொடுத்து, புதிய விண்ணப்பம் இல்லாமலே மீண்டும் சேரலாம். முடிவு தவறு என்று தோன்றினால் மேல்முறையீட்டு விசாரணை கேட்கும் உரிமையும் உண்டு. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டு ஆகாத பெரியவர்கள் பொதுவாகச் சேர முடியாது. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பல மாநிலங்கள் இந்தக் காத்திருப்பை நீக்கியுள்ளன. பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போகும் நம்மைப் போன்ற பெற்றோருக்கு மெடிக்கெய்ட் கிடைக்காது. அன்றும் கிடைக்கவில்லை. ஆகையால் புறப்படும் முன், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எந்த அளவு செலவு தரப்படும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பயண மருத்துவக் காப்பீட்டை இங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.